மீன் துண்டு கல்லில் ஒட்டுகிறதா, உடைகிறதா, தண்ணீர் விடுகிறதா?

குறுக்கே வெட்டிய வஞ்சிரத் துண்டில் நடுவே எலும்பு இருக்கிறது, சுற்றிலும் தோல் இருக்கிறது. எப்படிப் புரட்டினாலும் உருக்குலையாது. முள் எடுத்த கிழங்கானுக்கும், தோல் உரித்த நாக்கு மீனுக்கும், உறைய வைத்துப் பாக்கெட்டில் விற்கும் பாசா துண்டுக்கும் அந்தத் துணை கிடையாது. வஞ்சிரத்துக்குப் பழகிய கையோடு இவற்றை வறுக்கப் போனால் பாதி கல்லிலும் பாதி தட்டிலுமாகத்தான் முடியும்.

என் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிய பிறகு முள் பார்த்துச் சாப்பிட முடியாமல் போனது. மீன் இல்லாமல் சோறு இறங்காதவர், வெறும் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முள்ளில்லாத துண்டுகளை வறுக்கக் கற்றுக்கொண்டேன். எந்தக் கோளாறு எதனால் வருகிறது என்று கவனித்ததை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அடுப்பில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அதற்கு முன் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

மீன் சதை இதழ் இதழாக அடுக்கியிருக்கும். இதழுக்கும் இதழுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று பசை போலப் பிடித்திருக்கிறது. ஆட்டுக்கறியில் இதே வகைச் சவ்வு இளக மணிக்கணக்கில் வேக வேண்டும். மீனில் அது 50, 55 டிகிரி செல்சியஸிலேயே இளகிக் கரைந்துவிடும். அதாவது மீன் வெந்துகொண்டிருக்கும்போதே அதைப் பிடித்துவைத்திருந்த பசை போய்விடுகிறது. அப்போது துண்டை முழுசாகத் தாங்குவது வெளியே உருவான முறுகல் மட்டும்தான். அந்த முறுகல் வர மேற்பரப்பு 140 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் ஆவியாவதற்கே போய்விடும். கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் இந்த ஈரத்தில் இருக்கிறது.

துண்டு கல்லோடு ஒட்டிக்கொள்கிறது

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: எத்தனையாவது நிமிடத்தில் திருப்பப் பார்த்தீர்கள்? தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். வேகாத தோசையைச் சுரண்டினால் கிழியும். வெந்த தோசை தானாகவே ஓரம் விட்டுக்கொடுக்கும். மீனும் அப்படித்தான். பச்சைப் புரதம் சூடான உலோகத்தில் பட்டதும் அதைப் பற்றிக்கொள்ளும். முறுகல் உருவாகி முடிந்ததும் பிடியை விடும். ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு முதல் பக்கம் மூன்றிலிருந்து நான்கு நிமிடம் ஆகும். அதுவரை கரண்டியைக் கையில் எடுக்கவே வேண்டாம். பிறகு ஓரத்தில் கரண்டி முனையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். துண்டு மொத்தமாக நகர்ந்தால் திருப்பலாம். நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம். அவ்வளவு நேரம் விட்டும் ஒட்டினால் கல்லைப் பார்க்க வேண்டும்.

கல் சூடாகும் முன்பே மீனைப் போட்டிருந்தால் ஒட்டும். வெறும் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சும்மா கிடந்து மெல்லக் காய்ந்தால் சூடு போதாது. சொய்ங்கென்று சத்தமிட்டு ஓரிரு நொடியில் மறைந்தால் மசாலா தடவிய மீனுக்குச் சரியான பதம். சொட்டு ஆவியாகாமல் பாதரசக் குண்டு போல உருண்டோடினால் கல் 200 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது. உப்பு மட்டும் போட்ட மீனுக்கு, குறிப்பாக எவர்சில்வர் சட்டியில், அது நல்ல பதம். மசாலா மீனுக்கு அந்தச் சூடு ஆகாது, மிளகாய்த்தூள் கருகிவிடும். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பதம் பார்த்த தண்ணீர் முழுதும் காய்ந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெயும் சூடேறி நெளிநெளியாக ஓடும்போது மீனை வையுங்கள்.

இரும்புக் கல்லாக இருந்தால் அது பழகிய கல்லா என்பதும் முக்கியம். சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்து வைத்த கல்லில் எண்ணெய்ப் படலம் போயிருக்கும். மெல்லிய கோட்டாக எண்ணெய் தடவி, புகை வரும்வரை காயவைத்து, ஆறவிட்டுத் துடைத்து, மறுபடி தடவிக் காயவைத்து என்று மூன்று நான்கு முறை செய்தால் கல் மீண்டும் வழிக்கு வரும். தோசைக்கு ஒரு கல், மீனுக்கு ஒரு கல் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளில் மீன் கல்லில் மீன் ஒட்டாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். இடமிருந்தால் நீங்களும் பிரித்து வையுங்கள்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் சில முறை நான்ஸ்டிக் தவாவில் வறுப்பதில் தப்பே இல்லை. அதை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். அதற்கு மரக்கரண்டி அல்லது சிலிக்கான் கரண்டிதான் வேண்டும்.

இப்போதே ஒட்டிக்கிடக்கிறதா? சுரண்டாதீர்கள். தீயைக் குறைத்து, ஓரத்தில் அரை தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் விடுங்கள். பல நேரம் தானாக விட்டுவிடும்.

திருப்பும்போது உடைகிறது

ஒட்டாமலே உடைகிறது என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, மீனே தளர்ந்து போயிருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் கொண்டுவருவது போக, சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும். ஐஸில் நாள்பட்ட மீனின் சதை வேகும் முன்பே தளர்ந்துவிடும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், இதழ்கள் பச்சையிலேயே பிரிந்து தெரியும். அந்த மீனை முள்ளெடுத்து வறுக்கப் பார்க்காதீர்கள், குழம்பில் போடுங்கள். வறுத்தே ஆக வேண்டுமென்றால் உப்புத் தண்ணீர் ஓரளவு உதவும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் 15 நிமிடம் ஊறவைத்து எடுத்து ஈரம் ஒற்றுங்கள். மேல் சதை கொஞ்சம் இறுகும். மசாலாவில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

இரண்டு, புளிப்பு கூடிப்போயிருக்கும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் மீன் புரதத்தை நெருப்பில்லாமலே வேகவைப்பது போல மாற்றும். சதை வெளுத்து மாவு மாவாக உதிரும். வஞ்சிரம் ஒரு மணி நேரம் தாங்கும், கிழங்கான் தாங்காது. மெல்லிய துண்டில் புளிப்பு சேர்த்தால் 15 நிமிடத்துக்குள் கல்லுக்குப் போய்விட வேண்டும். நான் மசாலாவில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் எலுமிச்சை விடுவதில்லை. மீதியைத் தட்டில் வைத்துப் பிழிந்துகொள்ளலாம்.

மூன்று, திருப்பும் கை. தோசைக் கரண்டியின் முனையை மட்டும் நுழைத்துத் தூக்கினால் நடுவில் முறியும். கரண்டி துண்டின் நீளத்தில் முக்கால் பங்காவது உள்ளே போக வேண்டும். இடது கையில் இன்னொரு தட்டையான கரண்டியை மேலே அணைத்துப் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல உங்களிடமிருந்து விலக்கித் திருப்புங்கள். நீளமான நாக்கு மீன் துண்டைக் குறுக்கே இரண்டாக வெட்டிவிட்டே வறுக்கலாம், அழகு குறையாது. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். இரண்டாவது பக்கத்துக்கு முதல் பக்கத்தில் பாதி நேரம் போதும். அதற்குள் உள்ளே சவ்வு இளகியிருக்கும், மறுபடி புரட்டினால் இதழ் பிரியும்.

நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் கிழங்கானை முதுகெலும்பு எடுத்துத் தரச் சொன்னபோது அவர் சொன்னது இன்றுவரை உதவுகிறது: “முழு மீனாவே நல்லா கழுவிட்டுப் பிளந்து தரேன் தம்பி. பிளந்த பிறகு வீட்ல போய் தண்ணியில போட்டு அலசாத, சதை பஞ்சாயிடும்.” கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுவதெல்லாம் முழு மீனுக்கு. முள் எடுத்த துண்டை ஓடும் தண்ணீரில் ஒரு தடவை காட்டி எடுத்து உடனே துடைத்துவிடுங்கள்.

வறுபடாமல் தண்ணீர் விட்டு வேகிறது

பாசா வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை இது. கல்லில் போட்ட ஒரு நிமிடத்தில் எண்ணெய்க்கு மேல் வெள்ளைத் தண்ணீர் தேங்கி, மீன் கொதிக்கத் தொடங்கும். மசாலா கரைந்து குழம்பாகும். முதன்முதலில் அப்பாவுக்குப் பாசா வறுத்த அன்று எனக்கும் அதுதான் நடந்தது. தீயைக் கூட்டினேன், தண்ணீர் வற்றுவதற்குள் மீன் சக்கையாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

பாசா வியட்நாமின் மீகாங் ஆற்றுப் பகுதியில் பெருமளவில் வளர்க்கப்படும் கெளுத்தி இனம். இயல்பிலேயே நீர்ச்சத்து மிகுந்த சதை. உறையும்போது சதைக்குள் உண்டாகும் பனித்துகள்கள் செல்களைக் கிழிப்பதால், உருகும்போது அந்த நீர் வெளியே வருகிறது. சில பாக்கெட் மீன்களில் நீரைப் பிடித்துவைக்கப் பாஸ்பேட் உப்பும் சேர்ப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஐ.என்.எஸ். 451 அல்லது 452 என்று இருந்தால் அதுதான். பக்கத்தில் அது இல்லாத பாக்கெட் இருந்தால் அதை எடுங்கள். நான் விலை கொஞ்சம் கூடினாலும் அதைத்தான் வாங்குகிறேன்.

உருகவைப்பதில் அவசரம் கூடாது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காற்று நீக்கிக் கட்டிய பையாக இருந்தால் பையைத் திறந்து, துண்டுகளை வடிதட்டில் பரப்பி, அடியில் கிண்ணம் வைத்து மூடி வையுங்கள். காற்றில்லாத பைக்குள் உருகுவது பாதுகாப்பில்லை. வெந்நீரில் போட்டால் வெளிச்சதை அரைவேக்காடாகி உள்ளே பனி அப்படியே இருக்கும்.

காலையில் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அது போதாது. துண்டின் இரு பக்கமும் உப்பைத் தூவி பத்து நிமிடம் விட்டால் மேலே முத்து முத்தாக நீர் கோக்கும். பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றி எடுங்கள். துணி நனைந்தால் மடிப்பை மாற்றி மறுபடி ஒற்றுங்கள். துணி ஈரமாகாமல் வரும்வரை செய்ய வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது கூட்டம். பத்து அங்குலக் கல்லில் மூன்று துண்டுக்கு மேல் போடாதீர்கள். ஐந்தாறு குளிர்ந்த துண்டுகள் ஒரே நேரத்தில் விழுந்தால் கல்லின் சூடு இறங்கும், நீராவி போக வழியிருக்காது. மூடி போடவே கூடாது.

கல்லில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கிவிட்டதென்றால் கல்லை லேசாகச் சாய்த்து அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் தொடருங்கள். முழு முறுகல் வராது, ஆனாலும் மீன் பிழைக்கும்.

மசாலா கழன்று எண்ணெயில் கருகுகிறது

ஈர மீனில் நீர்த்த மசாலா தடவினால் இப்படித்தான் ஆகும். அரைக்கிலோ முள்ளில்லாத துண்டுக்கு நான் எடுப்பது: மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் அரை, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, சோள மாவு ஒரு மேசைக்கரண்டி, தேவையான உப்பு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர் சொட்டுச் சொட்டாக, விரலில் எடுத்தால் வழியாத பதம் வரும்வரை மட்டும். துண்டின் மேல் முதலில் அரிசி மாவை மெல்லத் தூவித் தட்டிவிட்டு, பிறகு இந்த மசாலாவைப் பூசுங்கள். மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சி மசாலாவைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் மூடாமல் வைத்தால் மேலே காய்ந்து ஒட்டும்.

இஞ்சி பூண்டு விழுது போடுகிறவர்கள் அரை தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மையாக அரைபடாத பூண்டுத் துணுக்குதான் முதலில் கருகிக் கசக்கும். ஒரு ஈடு எடுத்ததும் எண்ணெயில் கிடக்கும் கறுப்புத் துகள்களை வழித்தெடுத்துவிட்டுத்தான் அடுத்த ஈடு போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது ஈட்டில் முதல் ஈட்டின் கசப்பு ஏறும்.

வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

துண்டு நேராக ஃப்ரிட்ஜிலிருந்து கல்லுக்கு வந்திருக்கும், அல்லது தீ அதிகம். பத்து நிமிடம் வெளியே வைத்து எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதல் ஒரு நிமிடம் நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ, பிறகு நடுத்தரம். கொடுவா போன்ற மீனில் முதுகுப் பக்கம் தடித்தும் வயிற்றுப் பக்கம் மெலிந்தும் இருக்கும். வயிற்றுப் பகுதியைத் தனியாக வெட்டிக் கடைசியில் போடுங்கள், அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நிமிடமே அதிகம்.

காய்ந்து நார் நாராகிறது

இது நேர் எதிர்க் கோளாறு. மீன் கல்லை விட்டு இறங்கிய பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். தடித்த இடத்தில் மெல்லிய கத்தி முனையை நுழைத்துப் பாருங்கள். கண்ணாடி போலத் தெரிந்த சதை முழுதும் வெள்ளையாகி, இதழ்கள் எதிர்ப்பில்லாமல் விலகினால் அந்த நொடியே எடுக்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அதற்குக் கீழே எடுக்காதீர்கள்.

ஓரம் சுருண்டு நடு தூக்கிக்கொள்கிறது

தோலோடு வறுக்கும் கிழங்கானிலும் கொடுவாவிலும் வரும். சூட்டில் தோல் சதையைவிட வேகமாகச் சுருங்குகிறது. தோல் கீழே இருக்கும்படி வைத்த உடனே தட்டைக் கரண்டியால் 15 நொடி மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தோலில் மட்டும் ஆழமில்லாத இரண்டு கீறல் போட்டால் இன்னும் நல்லது.

பக்கவாட்டில் வெள்ளையாகக் கசிகிறது

கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். சூட்டில் சுருங்கும் சதையிலிருந்து பிதுங்கி உறைந்த புரதம் அது, முட்டை வெள்ளை உறைவது போல. நிறைய வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். மேலே சொன்ன உப்புத் தண்ணீர்க் குளியல் இதையும் குறைக்கும்.

எண்ணெய் தெறிக்கிறது

துடைக்காத ஈரம்தான் தெறிக்கிறது. மீனை உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பில் தொடங்கி எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள், தெறிப்பது அந்தப் பக்கம் போகும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருங்கள்.

வாடை அடிக்கிறது

எந்த வாடை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லேசான கடல் கவிச்சியை மஞ்சளும் சிறிது புளிப்பும் அடக்கும். ஜிலேபி, கட்லா, ரோகு போன்ற குளத்து மீனில் வரும் மண்வாடைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். அதற்கும் புளிப்புதான் மருந்து, தோலை உரித்துவிட்டால் இன்னும் குறையும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் மசாலாவால் மறைக்கப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமைன் சேரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாது. வாடை வராமலும் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று குத்தினாலோ, சற்று நேரத்தில் முகம் சிவந்து அரித்தாலோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தட்டுக்கு வந்ததும் சொதசொதவென்று ஆகிறது

தாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பீர்கள், அல்லது ஹாட்பாக்ஸில் மூடியிருப்பீர்கள். நீராவி அடியில் தங்கி முறுகலை நனைத்துவிடும். பெரிய கண் உள்ள சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் தனித்தனியாக வையுங்கள். ஆறிப்போனதைச் சூடாக்க எண்ணெயில்லாத கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

இத்தனைக்குப் பிறகும் உடைந்து போனதா? உடைந்த துண்டுகளை மொத்தமாக உதிர்த்துவிடுங்கள். அதே கல்லில் கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கைநிறையப் போட்டு வதக்கி, மீன் உதிரியைச் சேர்த்து ஈரம் வற்றும்வரை கிளறினால் சுறாப்புட்டு போல வரும். எங்கள் வீட்டில் அப்பா முறுகல் துண்டைவிட இதைத்தான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.